லேத் பழக வருபவர்கள் கேட்பதும், கேட்கத் தயங்குவதும்

கோவையில் கணபதி பக்கம் ஒரு தகர ஷெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். பிழைப்புக்கு வேறு வேலை, ஆசைக்கு லேத், அதாவது இரும்பு, பித்தளைத் துண்டுகளைச் சுழலவிட்டுக் கடையும் மெஷின். பாங்கில் இருப்பவர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், ஓய்வு பெற்ற டர்னர் (லேத் ஓட்டுபவர்) ஒருவர், அப்புறம் கல்லூரிப் பையன்கள். புதிதாக வருபவர்கள் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது வாயே திறப்பதில்லை. டீக்கடைக்கு நடக்கும்போது மெல்லப் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, ஒண்ணு கேட்டாச் சிரிக்க மாட்டீங்களே?" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி டீக்கடை வழியில் காதில் விழுந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மெஷின் பக்கத்திலேயே கேட்டிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும்.

நான் ஐடிஐயும் படிக்கவில்லை, இன்ஜினியரிங்கும் படிக்கவில்லை. கேள்வி கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா?

இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் பழகினார். 1937இல் இங்கே மின்மோட்டார் செய்ததில் அவருக்குப் பங்கு உண்டு. எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆகிவிட முடியாது, சரி. ஆனால் கோவைப் பட்டறைகளில் நல்ல டர்னர் என்று பெயர் எடுத்தவர்களில் பலர் சான்றிதழ் வாங்கி வந்தவர்கள் இல்லை. பதினைந்து வயதில் எண்ணெய் துடைக்க வந்து, பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள்.

அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. தப்பாகக் கைப்பிடியைத் திருப்பினால் "டேய்!" என்று கத்த பின்னால் ஒரு மேஸ்திரி நின்றார். வீட்டுத் திண்ணையில் சின்ன லேத்தை இறக்கி வைத்திருக்கும் உங்களுக்கு அந்த "டேய்" கிடைக்காது. அதனால் நீங்களாகத்தான் கேட்டாக வேண்டும்.

ஆனால் பட்டறைகளில் கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறார்களே?

விழுவார்கள்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறையில் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் வண்டி வந்து நிற்பதற்குள் நானூறு புஷ் கடைந்து முடிக்க வேண்டியவரிடம் போய், "அண்ணா, டூலை ஏன் இப்படிச் சாணை பிடிக்கிறீங்க?" என்று கேட்டால், அந்தப் பதிலுக்கு ஆகும் ஐந்து நிமிடம் அவருடைய காசு. கோபம் கேள்வியின் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல்.

நம் ஷெட்டில் வண்டி வந்து நிற்பதில்லை. ஒரு பித்தளைப் பம்பரத்தை மூன்று வாரம் கடையலாம். அப்படியிருந்தும் பட்டறையில் பிடித்த பயத்தைச் சிலர் இங்கேயும் சுமந்துகொண்டு வருகிறார்கள். பதில் சொல்கிறவர்களில் சிலரும் பட்டறைக் கோபத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். பின்னதுதான் பெரிய தொல்லை. அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் கேட்பது மிகவும் சின்ன விஷயமாக இருந்தால்?

ஆசிரியை வந்த இரண்டாவது வாரம், டூலை (வெட்டும் உளியை) ராடுக்குள் தள்ளும் கிராஸ் ஸ்லைடைக் காட்டி இப்படிக் கேட்டார்: "கிராஸ் ஸ்லைடு டயலில் 1 மில்லி திருப்பினால் விட்டம் 1 மில்லி குறையுமா, 2 மில்லி குறையுமா?"

அனுபவசாலிகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் 1 என்றார், இன்னொருவர் 2 என்றார். ஐந்து நிமிடம் சண்டை. கடைசியில் பார்த்தால் இருவருமே சரி. சில லேத்துகளில் டூல் நகரும் தூரத்தை அப்படியே டயலில் குறித்திருப்பார்கள். டூல் 1 மி.மீ. உள்ளே போனால் விட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து 2 மி.மீ. குறையும். வேறு சில லேத்துகளில் விட்டம் எவ்வளவு குறையும் என்பதையே டயலில் போட்டுவிடுவார்கள். அவரவர் தன்னுடைய மெஷினை மனதில் வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு வெட்கமான ஒரு சங்கதி உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு லேத்தில் 25 மி.மீ. ராடை 24க்குக் கொண்டுவர நினைத்து, டயலில் 1 மி.மீ. வைத்து ஓட்டினேன். 23 வந்து நின்றது. மெஷின்காரரிடம் இந்த ஆசிரியை கேட்ட அதே கேள்வியை நான் கேட்டிருந்தால் அந்த ராட் பிழைத்திருக்கும். கேட்கவில்லை. 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். டயலை நம்பாமல் கொஞ்சமாக ஒரு கட் எடுத்து, வெர்னியரில் அளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும் என்பதும் அப்போது தோன்றவில்லை.

ஆசிரியையின் கேள்வி சின்னதா பெரியதா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே ஷெட்டில் இருக்கும் மூன்று லேத்துகளிலும் டயலுக்கு மேலே பெயின்ட்டில் எழுதி வைத்தோம்.

பாகங்களின் பெயர் தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே?

"பின்னாடி தள்ளிக்கிட்டு வருமே, அந்தப் பெட்டி" என்று சொன்னால் டெயில்ஸ்டாக் என்று எங்களுக்குப் புரியும். விரலால் காட்டினாலும் புரியும், ஒரு காகிதத்தில் கிறுக்கினாலும் புரியும். பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். போல்ட்டில் சுற்றி வரும் வரியை ஒரு பட்டறையில் மரை என்பார்கள், இன்னொன்றில் புரி என்பார்கள், மூன்றாவதில் திரெட் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

அளவில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. பழைய ஆட்கள் 'ஒரு நூல்' என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ.யை விடச் சற்றுக் கூடுதல். 'தவ்' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. வெறுமனே "பத்து எடுத்தேன்" என்று சொன்னால் எங்களுக்குத் தலை சுற்றும். எந்த அலகு என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வியை எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வரும்?

போன மாதம் கல்லூரிப் பையன் ஒருவனோடு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். பார்ட்டிங் டூல் என்பது ராடைத் துண்டாக வெட்டும் டூல், சக் என்பது ராடைப் பிடித்துச் சுழற்றும் தலை.

"அண்ணா, பார்ட்டிங் டூல் உடைஞ்சிருச்சுங்க. என்ன பண்றதுங்க?"

"என்ன மெட்டீரியல் தம்பி?"

"எம்.எஸ்., மைல்ட் ஸ்டீல் தானுங்க. 25 மில்லி ராட்."

"சக்குல இருந்து எவ்வளவு தள்ளி வெட்டுனே?"

"ஒரு 60 மில்லி இருக்குமுங்க."

"ஸ்பீடு?"

"டர்னிங் பண்ணுன ஸ்பீடுதானுங்க. மாத்தல."

"டூல் எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு?"

பையன் பதில் சொல்லவில்லை. சிரித்தான். நான் கேட்டுக்கொண்டு வரும்போதே அவனுக்கு விடை கிடைத்துவிட்டது.

துண்டாக வெட்டும் இடம் சக்குக்கு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். தள்ளிப் போகப் போக ராட் வளைந்து டூல் மேல் ஏறும். டூல் எவ்வளவு குறைவாக நீட்டுகிறதோ அவ்வளவு நல்லது. ஸ்பீடைச் சாதாரண டர்னிங்கில் வைப்பதில் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். டூலைச் சுமந்து ஓடும் சேடிலை நகராமல் பூட்ட வேண்டும். டூல் முனை சென்டர் உயரத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். ஊட்டும்போது பயந்து பயந்து நிறுத்தக் கூடாது, ஒரே சீராகத் தள்ள வேண்டும். தயங்கினால் டூல் வெட்டாமல் தேய்க்கும், அப்புறம் அதிரும், அப்புறம் உடையும்.

ஆக, கேட்க வரும்போது மெட்டீரியல், விட்டம், சக்கிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் நீளம், டூல் எச்.எஸ்.எஸ்ஸா (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கார்பைடா (அதைவிடக் கடினமானது), ஸ்பீடு, ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் கொண்டு வாருங்கள். என்ன சத்தம் வந்தது என்பதையும் சொல்லுங்கள். கீச்சென்றதா, உறுமியதா, தடதடத்ததா என்பதிலிருந்தே பாதி தெரிந்துவிடும். முடிந்தால் கெட்டுப்போன துண்டையும், வெட்டி விழுந்த சுருளையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். டாக்டரிடம் போவது போலத்தான். "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் மட்டும் என்ன செய்வார்?

இதெல்லாம் தெரியவில்லை என்றால்? தெரியவில்லை என்றே கேளுங்கள். அந்தப் பையனும் ஒரே ஒரு வரியோடுதான் வந்தான்.

ஒரே கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

மெஷினை. ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் "ஏன்?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். எச்.எஸ்.எஸ். டூல் வைத்திருப்பவர் 25 மி.மீ. எம்.எஸ். ராடுக்கு 320 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) போதும் என்பார். கார்பைடு டிப் வைத்திருப்பவர் அதைப்போல மூன்று மடங்கு சொல்வார். இருவர் சொல்வதும் சரி, டூல்தான் வேறு. எச்.எஸ்.எஸ்ஸுக்கு எம்.எஸ்ஸில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக்கொண்டால், 8000த்தை மி.மீ. விட்டத்தால் வகுத்தால் ஆர்பிஎம் வந்துவிடும். 10 மி.மீ.க்கு 800. 40 மி.மீ.க்கு 200. ஷெட் சுவரில் கரியால் இதை எழுதி வைத்திருக்கிறோம்.

ஆளுக்கு ஒரு வழி என்பது பழைய கதை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பட்டறைக்குப் பட்டறை போல்ட் மரை வேறு வேறாக இருந்தது. ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, ஒவ்வொருவரும் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து, சராசரியை எடுத்து 1841இல் ஒரு பொது அளவைச் சொன்னார். மரையின் கோணம் 55 டிகிரி. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இன்றும் அந்த 55 டிகிரிதான் ஓடுகிறது. மெட்ரிக் போல்ட்டுக்கு 60 டிகிரி. 60 டிகிரி டூலை வைத்துக் குழாய் மரை போட்டுவிட்டு 'ஒழுகுதே' என்று வருபவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு.

குழாய் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. "அரை இன்ச் குழாயை அளந்தால் வெளி விட்டம் 21 மில்லி இருக்கிறதே, அரை இன்ச் 12.7 மில்லிதானே?" என்று பாங்க்காரர் ரகசியமாகக் கேட்டார். நல்ல கேள்வி. அந்த அரை இன்ச் குழாயின் உள் துவாரத்தை வைத்து வந்த பெயர். மரை போடுவது வெளிப்புறத்தில். மரையின் வெளி விட்டம் 20.955 மி.மீ., அங்குலத்துக்கு 14 மரை. பெயரைப் பார்த்து 12.7க்குக் கடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

புதிதாக வந்தவர் கேட்டு, பழையவருக்கே பதில் தெரியாமல் போனதுண்டா?

உண்டு. எங்கள் ஓய்வு பெற்ற டர்னர் முப்பது வருடமாக இன்ச் லீட் ஸ்க்ரூ (மரை போடும்போது டூலை இழுத்துச் செல்லும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரை போட்டவர். அதற்கு 127 பல் உள்ள சேஞ்ச் கியரை (மரைக்கேற்ப மாற்றி மாட்டும் பற்சக்கரத்தை) மாட்ட வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரு நாள் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "தாத்தா, அது ஏன் 127? 125, 130 எல்லாம் வைக்கக் கூடாதா?"

அவர் கொஞ்ச நேரம் கியரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க மேஸ்திரி அப்படித்தான் சொன்னாரு கண்ணு" என்றார். அப்புறம் அந்தப் பெண்ணே தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அதை முழு எண்ணாக்க 5ஆல் பெருக்கினால் 127. 127 பகா எண் என்பதால் அதை இன்னும் சின்ன சக்கரங்களாக உடைக்க முடியாது. சின்ன சக்கரங்களை வைத்து ஏறக்குறைய நெருங்கலாம், துல்லியமாக வராது. தாத்தாவுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் வந்தவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்தது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

கூடவே அவர் ஒன்று சொல்லிக் கொடுத்தார், அது எந்தக் கணக்கிலும் அவளுக்கு வந்திருக்காது. அந்த லேத்தில் மெட்ரிக் மரை போடும்போது முடியும்வரை ஹாஃப் நட்டை (சேடிலை லீட் ஸ்க்ரூவோடு கவ்வ வைக்கும் நட்டை) திறக்கவே கூடாது. டூலை வெளியே இழுத்துவிட்டு மெஷினைத் திருப்பி ஓட்டித்தான் பின்னால் வர வேண்டும். திறந்து மூடினால் டூல் பழைய தடத்தில் விழாது.

முதலில் என்ன செய்து பழகலாம்?

பித்தளைப் பம்பரம். சின்னப் பொருள், மெட்டீரியல் மெத்தென்று வெட்டும், தப்பு நடந்தால் மறைக்க முடியாது. பம்பரம் ஆடிக்கொண்டே சுற்றினால், ஒரு பக்கத்தைக் கடைந்தபின் கழற்றித் திருப்பிப் பிடித்தபோது மையம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று தாடை சக்கில் கழற்றி மாட்டினால் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் இருப்பது சகஜம். "என் சக் கெட்டுப்போச்சா?" என்று பதற வேண்டாம். அடியும் உடம்பும் ஒரே பிடியில் முடியும்படி வேலையை யோசியுங்கள். இல்லையென்றால் நான்கு தாடை சக்கில் டயல் கேஜ் வைத்து மையம் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், கண்ணீரும் வரும். பத்தாவது தடவை இரண்டு நிமிடம்.

பேசிங் பண்ணும்போது, அதாவது ராடின் முகத்தைச் சமமாக்கும்போது, நடுவில் ஒரு குட்டிக் குமிழ் நிற்கிறதா? டூல் சென்டரை விட்டு மேலோ கீழோ இருக்கிறது. ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து லேசாக அழுத்துங்கள், மெஷினை நிறுத்திவிட்டுத்தான். ஸ்கேலின் மேல் முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு. அந்தப் பக்கம் சாய்ந்தால் உயரம். தாழ்வாக இருந்தால் அடியில் உடைந்த ஹேக்சா பிளேடுத் துண்டை வையுங்கள். எங்கள் ஷெட்டில் உடைந்த பிளேடைத் தூக்கிப் போடுபவருக்குத் திட்டு விழும்.

பழைய லேத் வாங்கப் போகிறேன். யாரையாவது கூட்டிப் போகலாமா?

தாராளமாக. வாங்கியபின் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். சக்குக்குப் பக்கத்தில்தான் எல்லா வேலையும் நடக்கும் என்பதால் பெட் (சேடில் ஓடும் தண்டவாளம்) அங்கேதான் தேய்ந்திருக்கும். சேடில் சக்குப் பக்கம் லூசாகவும், டெயில்ஸ்டாக் பக்கம் போனால் இறுக்கமாகவும் ஓடினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். சேஞ்ச் கியர் முழு செட்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

முக்கியமாக மோட்டார். பட்டறை லேத்துகளில் பெரும்பாலும் மூன்று ஃபேஸ், வீட்டில் ஒரு ஃபேஸ். ஒரு ஃபேஸில் ஓடும் டிரைவ் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) வாங்கி மாட்டலாம், ஸ்பீடையும் திருகிக் கூட்டலாம் குறைக்கலாம். ஆனால் சாதாரண டிரைவ் தருவது 230 வோல்ட் மூன்று ஃபேஸ். மோட்டாரை அதற்கேற்ற டெல்டா இணைப்பில் மாற்றிக் கட்ட முடியுமா என்று ரீவைண்டிங் கடையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காமல் செய்யவே கூடாத வேலைகள்?

சந்தேகம் வந்தால் கை முதலில் சுவிட்சுக்குப் போகட்டும், வாய் அப்புறம் பேசட்டும். சக் சாவியை மாட்டியபடியே விட்டுவிட்டு சுவிட்ச் போடக் கூடாது. சாவியிலிருந்து கையை எடுப்பது அதைக் கழற்றிய பின்தான். கையுறை பாதுகாப்பு என்று நினைத்து மாட்டிக்கொண்டு வருகிறார்கள். லேத்தில் அதுதான் ஆபத்து, விரலோடு சேர்த்து இழுத்துவிடும். மோதிரம், வளையல், சங்கிலி, துப்பட்டா, வேட்டி, முழுக்கைச் சட்டை, விரித்த முடி எதுவும் வேண்டாம். மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறும்தான். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் மாறுகிறது. அவிழ்க்க மனம் வரவில்லை என்றால் அன்றைக்கு மெஷினைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கி தொங்குகிறது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உள்ளே வர வேண்டாம்.

இந்த ஒரு பத்தியில் எழுதியவற்றுக்கு மட்டும் எங்கள் ஷெட்டிலும் மேஸ்திரி மாதிரி "டேய்!" கேட்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

துண்டைக் கெடுத்துவிட்டேன். காட்ட வெட்கமாக இருக்கிறது.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கும். அதில் எங்கள் எல்லோருடைய தப்பும் கிடக்கிறது. நான் சொன்ன 23 மி.மீ. ராட், இடது மரை போட்ட வலது போல்ட், தாத்தா கடைந்த சாய்வான சாஃப்ட் ஒன்று. அதில் டெயில்ஸ்டாக் கொஞ்சம் நகர்ந்திருந்ததை அவரே கவனிக்கவில்லை. உங்களுடையதையும் போடுங்கள். புதிதாக யாராவது வந்தால் அந்த டப்பாவைக் கவிழ்த்துத்தான் பேச்சை ஆரம்பிக்கிறோம்.

பதில் சொல்கிறவர்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

"நகரு தம்பி, நான் போட்டுத் தர்றேன்" என்பதுதான் ஷெட்டில் நான் கேட்கும் மோசமான பதில். திட்டைவிட மோசம். சொல்பவருக்கு நல்ல மனசு, ஆனால் கேட்டவன் கையிலிருந்து கைப்பிடி போய்விடுகிறது. அவன் கை கைப்பிடியிலேயே இருக்கட்டும், உங்கள் கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது, "இதுகூடத் தெரியாதா?" இதைச் சொன்னால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதிகம் கட்டியவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது, கேட்காத கேள்விக்குப் பதில். 'டேப் (துளைக்குள் மரை வெட்டும் டூல்) உடையாமல் மரை போடுவது எப்படி?' என்று கேட்டவரிடம் துளை அளவைச் சொல்லுங்கள். எம்6 (6 மி.மீ. மெட்ரிக்) மரைக்கு 5 மி.மீ. டிரில், அப்புறம் எண்ணெய், அரைச் சுற்று முன்னால் போய்க் கால் சுற்றுப் பின்னால். போதும். உலோகவியலில் ஆரம்பித்தீர்கள் என்றால் அவர் அடுத்த வாரம் யூடியூப் பக்கம் போய்விடுவார். அது தப்பில்லை, ஆனால் அவர் துளை 5.5 என்று தப்பாகப் போட்டிருப்பதை யூடியூப் பார்க்காது.

தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். 127 பல் கதையை இன்னொரு தடவை படியுங்கள்.

பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் வரலாமா?

வருகிறார்கள். மேலே இரண்டு இடத்தில் பார்த்தீர்களே. பள்ளிப் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு வர வேண்டும்.

எப்போது வரலாம்?

எந்த ஞாயிற்றுக்கிழமையும், காலை டீக்கு முன்னால். ஆயுத பூஜை அன்று கூடுவோம், ஆனால் லேத் ஓடாது. பெட்டெல்லாம் துடைத்து, சக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்து, டூல்களை வரிசையாக அடுக்கியிருப்போம். பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டே எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள், தாத்தா விட மாட்டார்.